சில்லறை அரக்கர்களைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபோல்ட், கோப்ளின், ஸ்டர்ஜ். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இவை முதல் நாளிலேயே வெட்டித் தள்ளும் சில்லறை உருப்படிகள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி கோபோல்டுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் அளவு, வெறும் 5, ஸ்டர்ஜுக்கு 2. சீக்கிரமே சலித்துவிடும். உடனே டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) செய்கிற காரியம், 5ஐ 50 ஆக்குவது. சண்டை நீளும், பகடை கூடுதலாக உருளும், வேறெதுவும் மாறாது.

எண்ணைத் தொடாமலே கோபோல்டைப் பயங்கரமாக்க முடியும் என்பது பழைய பாடம். டக்கர் என்பவரின் ஆட்டத்தில் வந்த கோபோல்டுகள் பலம் பொருந்திய வீரர்களையே ஓட ஓட விரட்டிய கதையை 1987இல் இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழின் தலையங்கம் சொன்னது. நெருப்பும் குறுகலான பாதையும் கூட்டுச் சதியும்தான் அவற்றின் ஆயுதம். நம் குமரி மாவட்டத்தில் அந்தக் குறுகலுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய்த் தொட்டி, அதையொட்டி ஒடுங்கிய நடைபாதை. முன்னால் இரண்டு கோபோல்ட், பின்னால் இரண்டு, தொட்டித் தண்ணீருக்குள் ஒன்று. ஹிட் பாயிண்ட் 5 ஆகவே இருக்கட்டும்.

அடுத்த தவறு பெயரையும் தோலையும் மட்டும் மாற்றுவது. கோப்ளினுக்கு முண்டு உடுத்தி உள்ளூர்ப் பெயர் ஒன்றைச் சூட்டினால், ஆட்டக்காரர்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாற்ற வேண்டியது அதன் பிழைப்பை: எதைத் தின்கிறது, எப்போது வெளியே வருகிறது, ஏன் மனிதரிடம் வருகிறது?

ஸ்டர்ஜையே எடுத்துக்கொள்வோம். மூல விதியில் அது பறந்து வந்து ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் ஒரு பிராணி, அவ்வளவுதான். அதைக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடுங்கள். அதன் வழக்கமான உணவு சிரட்டையில் சொட்டும் ரப்பர் பால். விடியுமுன் தலைவிளக்கோடு பால் வெட்ட வருகிறவர்களை அது சீண்டுவதில்லை. அவர்கள் மரத்தைக் கீறினால்தானே அதற்குச் சாப்பாடு! இலையுதிர்ந்து பால் வெட்டு நிற்கும் காலம் வருகிறது. சிரட்டைகள் காய்கின்றன. விளக்கு வெளிச்சம் என்றால் உணவு என்று பழகிய கூட்டம், இப்போது வெளிச்சம் தெரியும் வீடுகளைத் தேடி வருகிறது. விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஆட்டக்காரர் குழு விளக்கை அணைக்கலாம், சிரட்டைகளில் வேறெதையாவது நிரப்பிப் பார்க்கலாம், வாளையும் உருவலாம். மூன்றுக்கும் விளைவு வேறு. புதுப்பித்தல் என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

முன்னறிவிப்பு இல்லாமல் தாக்குவது இன்னொரு தவறு. ரஸ்ட் மான்ஸ்டரை வைத்துத்தான் இது அதிகம் நடக்கிறது. மந்திரமில்லாத இரும்பை அது துருவாக்கித் தின்றுவிடும். ஆட்டக்காரர் சேர்த்துவைத்த கவசம் ஒரே சுற்றில் கெட்டுப்போனால், அவருடைய கோபம் அரக்கன்மேல் அல்ல, உங்கள்மேல்தான். கட்டுமரத்துக்கு ஆணி வேண்டாம், கயிறு போதும். ஆகவே முன்னறிவிப்பாக, இரும்பையே ஒதுக்கிவைத்த, குளச்சலை ஒத்த ஒரு கடலோர ஊரைக் கற்பனை செய்யுங்கள். அங்கே கதவுக்குக் கீல் இல்லை, மீன் அறுக்கச் சிப்பி ஓடு, விருந்தாளியிடம் ‘உடம்பில் இரும்பு உண்டா?’ என்றுதான் முதல் கேள்வி. இத்தனைக்குப் பிறகும் இரும்புக் கவசத்தோடு இரவில் கடற்கரைக்குப் போனால் அது அவர்கள் பாடு. (இந்த அரக்கன் பிறந்ததே இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றிலிருந்துதான். அதை மாற்ற யாரும் தயங்க வேண்டியதில்லை.)

வம்சாவளி எழுதிக் குவிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசைக்கு வராத பின்கதை உங்கள் பொழுதுபோக்கு. ஆட்டத்துக்கு அதனால் லாபமில்லை.

நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. உள்ளூர்ச் சரக்கு தேடிப் புறப்பட்டவுடன் கை நேராக இசக்கியிடமும் சுடலைமாடனிடமும் போகும். வில்லுப்பாட்டில் கேட்ட கதைகள், ஆவேசமான உருவங்கள், மயங்கத்தான் செய்வோம். ஆனால் முப்பந்தலில் இசக்கியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. மாடனுக்கு ஊர்தோறும் கொடை விழா நடக்கிறது. அவர்களுக்கு ஹிட் பாயிண்ட் எழுதி, காசுக்காகக் கொல்லும் பட்டியலில் சேர்ப்பது பக்கத்து வீட்டுக் குலதெய்வத்தைப் பட்டியலில் சேர்ப்பதுதான். ‘எல்லாமே கற்பனைதானே’ என்ற சமாதானம் எனக்கு ஏற்புடையதல்ல. கிரேக்கத் தெய்வங்களுக்கு இந்த ஆட்டத்தின் புத்தகங்களே எண் கொடுத்திருக்கின்றன என்பார்கள். அந்தத் தெய்வங்களுக்குக் கொடை நடத்தும் குடும்பம் உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை. வழிபாட்டில் இல்லாதவற்றை எடுங்கள்: சதுப்பில் அலையும் கொள்ளிவாய்ப் பிசாசு, முட்டம் பாறை இடுக்கில் நீங்களே கற்பித்த ஏதாவது. பெயர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால், ஆட்டம் தொடங்குமுன் மேசையில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் அந்த அரக்கனுக்கு வேறு பெயர் வையுங்கள்.