அந்தரங்க அரிப்பு: நான் மூணு வருஷம் பண்ணின தப்ப இன்னும் எல்லாரும் பண்ணிட்டு இருக்காங்க

போன மாசம் என்கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு தனியா கூப்பிட்டு, "அக்கா, கீழ ரொம்ப அரிக்குது, ஆறு மாசமா போகவே மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு பையில இருந்து ஒரு ட்யூப எடுத்து காமிச்சா. கடைசி சொட்டு வரைக்கும் பிதுக்கி சுருட்டி வச்ச ட்யூப். அத பாத்ததும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அதே மாதிரி சுருட்டின ட்யூபுங்க என் அலமாரில துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. யாரு அந்த க்ரீம சொன்னதுன்னு கேட்டேன், ஃப்ரெண்டு சொன்னாளாம். டாக்டர் பாத்தாங்களான்னு கேட்டேன், தலைய குனிஞ்சுகிட்டா.

இவ மட்டும் இல்ல, இதுவரைக்கும் என்கிட்ட இதப் பத்தி பேசினவங்க ஏறக்குறைய எல்லாருமே நான் பண்ணினதயேதான் வரிசை மாறாம பண்ணிட்டு இருக்காங்க. அதனாலதான் எழுதுறேன். ஈரத்துணியோட இருக்காதீங்க, இறுக்கமா போடாதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

யாரும் கண்ணால பாக்காமயே மருந்து போடுறது

இதுதான் பெரிய தப்பு. இத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

முதல் தடவை அரிப்பு வந்தப்ப தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளைப்படுதலும் இருந்துச்சு, டாக்டர் ஃபங்கஸ்னு சொல்லி மருந்து குடுத்தாங்க, ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. அது உண்மையிலேயே ஃபங்கஸ்தான்னு நெனைக்கிறேன். பிரச்சன என்னன்னா அதோட என் மண்டையில "கீழ அரிச்சா ஃபங்கஸ்"னு பதிஞ்சு போச்சு. ஒரு வருஷம் கழிச்சு திரும்ப அரிக்க ஆரம்பிச்சப்ப வெள்ளைப்படுதலே இல்ல, வெறும் அரிப்பு, அதுவும் ராத்திரி படுத்ததுக்கப்புறம்தான் உயிர் போகும், ஆனாலும் நான் நேரா மருந்துக்கடைக்கு போயி "ஃபங்கஸ் க்ரீம்"னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். அவங்க குடுத்தது மூணு மருந்து கலந்த க்ரீம், ஃபங்கஸுக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பூசின ரெண்டாவது நாளே அரிப்பு அடங்கிடுச்சு. ஸ்டீராய்டு எந்த அரிப்பா இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அடக்கிடும்னு அப்ப எனக்கு தெரியாது, சரியான மருந்து கெடச்சிருச்சுன்னு நெனச்சேன். நிறுத்தினா பத்து நாள்ல திரும்ப வரும், திரும்ப பூசுவேன், திரும்ப அடங்கும். இப்படியே மூணு வருஷம்.

நடுவுல டாக்டர்கிட்ட போகலையான்னு கேப்பீங்க. போனேன், மூணு பேர்கிட்ட. ஒருத்தர் நான் சொன்னத கேட்டுட்டு அப்படியே மாத்திரை எழுதினாங்க, இன்னொருத்தர் ஃபோன்லயே முடிச்சிட்டாங்க, மூணாவது ஆள் "இதெல்லாம் டென்ஷன்ல வர்றது"ன்னு அனுப்பிட்டாங்க. மூணு பேர்ல ஒருத்தர் கூட படுக்க வச்சு பாக்கல. நானும் பாக்கச் சொல்லி கேக்கல, சொல்லப்போனா பாக்காம விட்டாங்களேன்னு அப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு, அந்த நிம்மதிக்கு நான் குடுத்த விலைய யாரும் குடுக்கக்கூடாது.

ஏன்னா அதுக்குள்ள தோல் வெளுத்து, மெல்லிசா சுருங்கின பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. சின்ன சின்னதா வெடிப்பு வந்து மூத்திரம் போனா எரியும், புருஷன் பக்கத்துல வந்தாலே பயம். நாலாவதா போன டாக்டர்தான் "ஏறி படுங்கம்மா, பாத்துட்டு பேசலாம்"னு சொன்னாங்க. நல்ல வெளிச்சம் வச்சு பாத்தாங்க, மிஞ்சிப் போனா ரெண்டு நிமிஷம். "இது ஃபங்கஸ் இல்லம்மா, லைக்கன் ஸ்க்லீரோசஸ் மாதிரி இருக்கு"ன்னாங்க. துளியூண்டு தோல் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி உறுதி பண்ணினாங்க. ஆனா ஒரு பக்கம் உள் உதடு அதுக்குள்ள பக்கத்து தோலோட ஒட்டி மறைஞ்சு போயிருந்துச்சு. நோய இப்ப கட்டுக்குள்ள வச்சிருக்கோம், ஆனா ஒட்டிப்போனது மருந்துல திரும்பாது. ரெண்டு நிமிஷ வேலை, மூணு வருஷம் யாரும் செய்யல.

இந்த லைக்கன் ஸ்க்லீரோசஸ் தொத்துற வியாதி இல்ல, அழுக்கால வர்றதும் இல்ல, உடம்போட எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குறதால வர்றதுன்னு சொல்றாங்க. மாதவிடாய் நின்ன பெண்களுக்கு அதிகம், வயசுக்கு வராத சின்ன பொண்ணுங்களுக்கும் வரும், ஆம்பளைங்களுக்கும் வரும், முன்தோல் இறுகிப்போறதுக்கு இது ஒரு காரணம். வைத்தியம் பண்ணாம விட்டா தழும்பு விழும். கொஞ்ச பேருக்கு, நூத்துக்கு அஞ்சு பேருக்கும் கம்மியாத்தான், புற்றுநோயா மாறவும் வாய்ப்பு இருக்கு, ஒழுங்கா மருந்து போட்டா அந்த வாய்ப்பு குறையுது.

இதுல பலரும் குழம்புற விஷயம் ஒண்ணு இருக்கு. இதுக்கு குடுக்குற மருந்தும் ஸ்டீராய்டுதான், அதுவும் ரொம்ப வீரியமான க்ளோபெட்டாசோல் 0.05% ஆயின்ட்மென்ட். எனக்கு முதல் மாசம் தெனமும் ராத்திரி ஒரு தடவை, ரெண்டாவது மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூணாவது மாசம் வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு எழுதிக் குடுத்தாங்க, 30 கிராம் ட்யூப் அந்த மூணு மாசத்துக்கும் போதும்னாங்க. ஸ்டீராய்டுன்னா தோல் மெலிஞ்சிடும்னு பயந்துகிட்டு பாதியில நிறுத்துறவங்க இருக்காங்க, இந்த நோய்க்கு நிறுத்துறதுதான் கெடுதல். அதே ஸ்டீராய்ட தொடை இடுக்குல இருக்குற படர்தாமரை மேல பூசினா என்ன ஆகும் தெரியுமா, மேல சிவப்பு குறையும், கீழ ஃபங்கஸ் ஜோரா பரவும், வட்டமா இருந்தது உருமாறி எதுன்னே கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஆயிடும், தொடையில வரிவரியா கோடு விழுந்து அது அழியவே அழியாது. ஒரே மருந்து, ஒருத்தர காப்பாத்துது, இன்னொருத்தர நாசம் பண்ணுது. என்ன நோய்னு தெரியாம எந்த ட்யூபையும் தொடாதீங்கன்னு நான் கத்துறது இதனாலதான். மேல எழுதின அளவ படிச்சிட்டு நீங்களா வாங்கி பூசிடாதீங்க, தயவுசெஞ்சு.

2002-ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, தனக்கு ஃபங்கஸ்னு தானே முடிவு பண்ணி கடையில மருந்து வாங்கின 95 பெண்கள சோதிச்சு பாத்தாங்க, அதுல மூணுல ஒரு பங்கு பேருக்குத்தான் வெறும் ஃபங்கஸ் இருந்துச்சு. மத்தவங்களுக்கு வேற ஏதோ, இல்லன்னா ரெண்டு மூணு சேந்து. நான் மட்டும் விவரம் தெரியாம ஏமாந்தேன்னு நெனச்சிட்டு இருந்தேன், அத படிச்சப்பதான் கொஞ்சம் மனசு ஆறுச்சு.

எல்லா அரிப்பும் ஒண்ணுன்னு நெனைக்கிறது

ஃபங்கஸ்னா பொதுவா கெட்டியான வெள்ளைப்படுதல், பெருசா நாத்தம் இருக்காது. மீன் நாத்தம் அடிச்சா, தண்ணியா சாம்பல் நிறத்துல போனா அது பாக்டீரியா பக்கம், ஃபங்கஸ் மருந்து அதுக்கு சுத்தமா வேலை செய்யாது. வீட்ல ரெண்டு மூணு பேருக்கு ராத்திரில அரிக்குது, விரலிடுக்கு, மணிக்கட்டுலயும் சின்ன சின்ன பொரி இருக்குன்னா ஸ்கேபிஸ், அதாவது சிரங்குப் பூச்சி. ஆசனவாய சுத்தி ராத்திரில மட்டும் அரிச்சா, வீட்ல குழந்தைங்க இருந்தா, கீரிப்பூச்சிய சந்தேகப்படணும். தொடை இடுக்குல ஓரம் தடிச்சு வட்டமா பரவினா படர்தாமரை. மாதவிடாய் நின்னதுக்கப்புறம் வறட்சியும் எரிச்சலுமா இருந்தா ஹார்மோன் குறைஞ்சதால இருக்கலாம், அதுக்கு தனி வைத்தியம் இருக்கு, வயசாச்சுன்னு பொறுத்துக்க வேண்டியதில்ல. அப்புறம் சோப்பு, வாசனை பேட், வெட் வைப்ஸ், ஆணுறை ரப்பர், இதுக்கெல்லாம் அலர்ஜி. சிலருக்கு அரிப்புக்குன்னு பூசுற க்ரீமே அலர்ஜி ஆகுது, அரிக்க அரிக்க பூசுறோம், பூச பூச அரிக்குது.

இத வச்சு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்லல. எத்தன வகை இருக்குன்னு தெரிஞ்சா "ஃபங்கஸ் க்ரீம் குடுங்க"ன்னு வாயில வராதுன்னுதான் சொல்றேன்.

டாக்டர்கிட்ட பாதிய முழுங்குறது

"லேசா இன்ஃபெக்ஷன்"னு சொன்னா லேசான மாத்திரைதான் வரும். நான் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். வாய் வரலன்னா பேப்பர்ல எழுதிட்டு போங்க: எத்தன மாசமா அரிக்குது, பகலா ராத்திரியா, வெளிப்பக்கமா உள்பக்கமா, தூக்கம் கெடுதா, வெள்ளைப்படுதல் எப்படி, உறவு வச்சுக்கும்போது வலிக்குதா, இதுவரைக்கும் என்னென்ன பூசினீங்க. அந்த கடைசி கேள்விக்கு காலி ட்யூபுங்களயே எடுத்துட்டு போங்க, பேர் ஞாபகம் இருக்காது. நானும் என்கிட்ட வர்றவங்ககிட்ட அத ஒளிச்சு வைக்காம கொண்டுபோக சொல்றேன், ஏன்னா டாக்டருக்கு அதுலதான் பாதி கதை இருக்கு.

அப்புறம் முக்கியமான வார்த்தை, "பாத்துட்டு சொல்லுங்க டாக்டர்." இத சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. லேடி டாக்டர்தான் வேணும்னு கேக்கலாம், கூட ஒரு நர்ஸ் இருக்கணும்னு கேக்கலாம், வலிச்சா நிறுத்த சொல்லலாம். அப்பவும் பாக்காம எழுதிக் குடுத்தா வேற டாக்டர்கிட்ட போங்க. வெளித்தோல்ல பிரச்சனைனா தோல் டாக்டர், உள்பக்கம், வெள்ளைப்படுதல்னா மகப்பேறு டாக்டர். எதுன்னு தெரியலன்னா யார்கிட்டயாவது முதல்ல போங்க, அவங்க மாத்தி விடுவாங்க.

கழுவிக் கழுவி புண்ணாக்குறது

அரிப்பு வந்தா அழுக்குன்னு நெனச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்பு போட்டு கழுவுறது, ஆன்டிசெப்டிக் திரவத்த தண்ணில கலந்து ஊத்துறது. உள்பக்கம் தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கும், அங்க இருக்குற நல்ல பாக்டீரியா அமிலத்தன்மைய (pH அளவ) 3.8-ல இருந்து 4.5-க்குள்ள வச்சிருக்கு, நாம உள்ள தண்ணி பீச்சி அத கெடுத்துடுறோம். வெளிய மட்டும் வெறும் தண்ணி, இல்லன்னா சோப்புக்கு பதிலா போடுற வாசனை இல்லாத க்ரீம். ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வறண்டு எரிஞ்சா வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசா பூசினாலே எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு.

டெஸ்டுக்கு க்ரீம் பூசிட்டு போறது

இருக்குற கிருமி தெரியாமப் போயிடும். எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சர்க்கரை பாக்காம விடுறது

வருஷத்துல மூணு தடவைக்கு மேல ஃபங்கஸ் வந்தா சர்க்கரை டெஸ்ட் எடுக்காம இருக்காதீங்க, அரிப்புக்குன்னு போயிதான் சர்க்கரை இருக்கறதே சிலருக்கு தெரிய வருது. ஏற்கனவே சர்க்கரை இருக்கறவங்க டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுத்தா சர்க்கரை மூத்திரத்துல வெளியேறும், அதனாலயே அங்க ஃபங்கஸ் வரலாம். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட அரிப்ப சொல்லுங்க, பலரும் இது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு நெனச்சு சொல்றதில்ல. அதே மாதிரி அடிக்கடி வர்றவங்க ஸ்வாப் (பஞ்சு குச்சியால சாம்பிள்) எடுத்து கல்ச்சர் (எந்த வகைன்னு வளத்துப் பாக்குற டெஸ்ட்) பண்ண சொல்லி கேளுங்க, சில வகை ஃபங்கஸ் வழக்கமா குடுக்குற ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு சரியா அடங்காது. கர்ப்பமா இருக்கறவங்க அந்த மாத்திரைய கேக்காம போடவே கூடாது.

ஒருத்தர் மட்டும் மருந்து எடுக்குறது

ஸ்கேபிஸ், கீரிப்பூச்சின்னா வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல. ட்ரைக்கோமோனாஸ், அதாவது உறவுல பரவுற ஒரு கிருமின்னா, துணையும்.

ஆம்பளைங்க பேசாம இருக்குறது

உங்களுக்கும் இதேதான். விரைப்பை மேல மாசக்கணக்கா ஸ்டீராய்டு க்ரீம் பூசாதீங்க, அங்க தோல் ரொம்ப மெல்லிசு, மருந்த வேகமா உறிஞ்சிடும், அப்புறம் நிறுத்தினா சிவந்து தீயா எரியும்.

சொறிஞ்சா அடங்கும்னு விட்டுடுறது

அடங்காது. சொறிய சொறிய தோல் தடிச்சு, தடிச்ச தோல் இன்னும் அரிக்கும், முதல்ல வந்த காரணம் போனதுக்கப்புறமும் இது மட்டும் தனியா ஓடிட்டே இருக்கும். தூக்கத்துல நமக்கே தெரியாம சொறிவோம், நகத்த ஒட்ட வெட்டிட்டு, துணில சுத்தின ஐஸ் பேக் கொஞ்ச நேரம் வச்சுட்டு படுங்க. தூக்கமே போச்சுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ராத்திரிக்கு தூக்கம் வர்ற மாதிரி அலர்ஜி மாத்திரை குடுப்பாங்க.

காத்திருக்கக் கூடாத நேரம்

வெள்ளையா திட்டு, ஆறாத புண், கையில தட்டுப்படுற கட்டி, மாதவிடாய் இல்லாத நேரத்துல ரத்தம், நிறம் மாறின மச்சம், தோல் ஒட்டிக்கிற மாதிரி தோணுறது. இதுல எது இருந்தாலும் இந்த வாரமே போங்க. ஒரு சின்ன கண்ணாடிய வச்சு மாசம் ஒரு தடவை நீங்களே பாத்துக்கோங்க, நான் மூணு வருஷம் அந்த கண்ணாடிய எடுக்கவே இல்ல. அந்த பொண்ணு போன வாரம் டாக்டர பாத்துட்டு வந்துட்டா, படுக்க வச்சு பாத்தாங்களாம், தோல் சுரண்டி டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரல.