ஒன்றுமே மாறாத மாற்றத்தைக் கிட்டில் கையாள்வது எப்படி

ஒரு கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தை அடித்து, அதையே அழித்துவிட்டுச் சேமிக்கிறீர்கள். கோப்பின் நேரமுத்திரை மாறிவிட்டது. உள்ளே ஒரு பைட்கூட மாறவில்லை. இதைக் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் அதை விழுங்கிவிடவும் கூடாது. அற்ப மாற்றங்களைப் பார்க்கும்போது மறைக்கலாம், பதியும்போது மறைக்கக் கூடாது. கிட்டில் சிக்கல் வரும் இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் குழம்பிப்போயிருக்கும்.

நேரம் மட்டும் மாறியிருந்தால்

கிட் தன் இண்டெக்ஸ் என்ற உள்பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் அளவு, நேரமுத்திரைகள், ஐநோடு எண் (வட்டில் கோப்புக்கு உள்ள அடையாள எண்) ஆகியவற்றைக் குறித்துவைக்கிறது. ‘கிட் ஸ்டேட்டஸ்’ முதலில் இவற்றைத்தான் ஒப்பிடும். ஒத்துப்போனால் கோப்பைத் திறக்கவே திறக்காது. ஒத்துப்போகாவிட்டால் உள்ளடக்கத்தைப் படித்து ஹேஷ் (அதிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) போட்டுப் பார்க்கும். ஹேஷ் அதேதான் என்றால் இண்டெக்ஸைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடும்.

‘கிட் டிஃப்-இண்டெக்ஸ்’ போன்ற அடிநிலைக் கட்டளைகள் இந்தச் சரிபார்ப்பைச் செய்வதில்லை. மென்பொருளைக் கட்டும் பில்டு ஸ்கிரிப்டுகள் பலவற்றில் ‘கிட் டிஃப்-இண்டெக்ஸ் --கொயட் ஹெட்’ என்று ஒரு வரி இருக்கும். மாற்றம் இருந்தால் பதிப்பு எண்ணோடு ‘டர்ட்டி’ என்று ஒட்டும். ரெப்போவை (வரலாற்றோடு கூடிய கோப்புத் தொகுப்பை) வேறொரு இயந்திரத்துக்கோ கண்டெய்னருக்கோ அப்படியே நகலெடுத்தால் ஐநோடும் நேரமும் மாறிவிடும். யாரும் தொடாத நிரலும் ‘டர்ட்டி’ ஆகிவிடும். அந்த வரிக்கு முன்னால் இதைச் சேருங்கள்:

கிட் அப்டேட்-இண்டெக்ஸ் -க்யூ --ரெஃப்ரெஷ்

‘கிட் டிஸ்கிரைப் --டர்ட்டி’ பயன்படுத்துகிறவர்களுக்கு இது தேவையில்லை. அது தானே ரெஃப்ரெஷ் செய்துகொள்ளும்.

பெர்ஃபோர்ஸ் என்ற இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் நிலைமை தலைகீழ். கோப்பை எடிட்டுக்குத் திறந்து, ஒன்றும் செய்யாமல் சப்மிட் கொடுத்தாலும் புதிய ரிவிஷன் ஒன்று உருவாகும். இயல்பு அமைப்பு ‘சப்மிட்அன்சேஞ்ச்டு’ என்பதுதான் காரணம். கிளையண்ட் ஸ்பெக்கில் (உங்கள் பணியிட அமைப்பில்) சப்மிட்ஆப்ஷன்ஸ் வரியை ‘ரிவர்ட்அன்சேஞ்ச்டு’ என்று மாற்றிவிடுங்கள். வரலாற்றைத் தோண்டும்போது வெற்று ரிவிஷன்களில் தடுக்கி விழுவது வீண் வேலை.

ஸ்கிரிப்டுக்குள் கமிட்

மாற்றங்களை வரலாற்றில் பதியும் ‘கிட் கமிட்’, மாற்றம் இல்லாதபோது மறுத்துவிட்டு 1 என்ற வெளியேறு எண்ணைத் தரும். மனிதருக்கு இது நல்ல பதில். இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டோ இதைப் பிழை என்று எண்ணி நின்றுவிடும். அதற்காக, வெற்று கமிட்டை அனுமதிக்கும் --அலவ்-எம்ப்டி போடாதீர்கள். தினம் ஒரு வெற்று கமிட் குவியும். இப்படி எழுதுங்கள்:

கிட் டிஃப் --கேஷ்டு --கொயட் || கிட் கமிட்

மாற்றம் இல்லையென்றால் முதல் பாதி 0 தந்து முடிந்துவிடும். இருந்தால் மட்டுமே கமிட் ஓடும்.

பைட் மாறி, பொருள் மாறாதபோது

வரிமுடிவுதான் இதில் பெரிய தலைவலி. விண்டோஸ் முறையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பைட் கூடும். டிஃபில் (வித்தியாசப் பட்டியலில்) 1,000 வரிக் கோப்பின் எல்லா வரியும் சிவப்பு, பச்சையாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ‘கிட் டிஃப் --இக்னோர்-சிஆர்-அட்-ஈஓஎல்’ கொடுத்ததும் எல்லாம் மறைந்தால் சந்தேகம் உறுதி. ஒவ்வொருவரும் தங்கள் கணினி அமைப்பில் கைவைப்பதைவிட, ரெப்போவுக்குள்ளேயே .கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் முடிவு எடுப்பது நல்லது:

* டெக்ஸ்ட்=ஆட்டோ
*.எஸ்ஹெச் ஈஓஎல்=எல்எஃப்
*.பேட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்

பிறகு ‘கிட் ஆட் --ரீநார்மலைஸ் .’ கொடுத்து, வேறெதையும் கலக்காமல் தனி கமிட்டாகப் போடுங்கள். திறந்திருக்கும் பிராஞ்சுகளை (தனியாக வளரும் கிளைகளை) இணைக்கும்போது ‘கிட் மெர்ஜ் -எக்ஸ் ரீநார்மலைஸ்’ என்று கொடுத்தால், வரிமுடிவு வித்தியாசத்தால் மட்டும் எழும் மோதல்கள் வராது.

‘பழைய மோடு 100644, புதிய மோடு 100755’ என்று மட்டும் டிஃப் காட்டினால், இயக்க அனுமதி மாறியிருக்கிறது. பென்டிரைவ் வழியாக நகலெடுத்தால் இப்படி நேரும். அந்த நகலில் மட்டும் கோர்.ஃபைல்மோடு அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

தமிழ் உரை உள்ள கோப்புகளில் இன்னொன்றும் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரம், ஒகரக்குறி என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம்; ககரம், எகரக்குறி, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். யூடிஎஃப்-8இல் முதலாவது 6 பைட், அடுத்தது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேறு எடிட்டரில் சேமித்ததும், எழுத்து எதுவும் மாறாமல் வரிகள் மாறியதாக டிஃப் காட்டும். கிட் உள்ளடக்கத்தை யூனிகோடு முறையில் சீர்செய்வதில்லை, இடைவெளி வித்தியாசத்தை மறைக்கும் -டபிள்யூவும் உதவாது. பைத்தானின் யூனிகோடுடேட்டா.நார்மலைஸ் கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை, குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றி, அதைத் தனி கமிட்டாக்குங்கள். கமிட்டுக்கு முன் அதே சோதனை தானாக ஓடும்படி ஹூக்கும் வைத்துவிட்டால் தொல்லை திரும்ப வராது.

இடைவெளி மாற்றங்களைப் பார்வையிலிருந்து விலக்க ‘கிட் டிஃப் -டபிள்யூ’ போதும். ஆனால் பைத்தானிலும் யாமல் வடிவக் கோப்புகளிலும் முன்னிடைவெளிதான் பொருளைத் தீர்மானிக்கிறது. அந்தக் கோப்புகளை -டபிள்யூ போட்டு ரிவ்யூ செய்து ஒப்புதல் தருவது ஆபத்து.

ஃபார்மேட்டர் கமிட்டும் பிளேமும்

முழு நிரலையும் ஃபார்மேட் செய்த கமிட், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ பார்க்கும்போது எல்லா வரிக்கும் உரிமை கொண்டாடும். கிட் 2.23இலிருந்து (2019) இதற்கு வழி இருக்கிறது. .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் அந்த கமிட்டின் 40 எழுத்து ஹேஷை முழுதாக எழுதி, பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் அமைப்பில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஹேஷை மெர்ஜ் ஆன பிறகே எழுத வேண்டும்: ஸ்குவாஷோ (பல கமிட்டுகளை ஒன்றாக்குவது) ரீபேஸோ (கமிட்டுகளை வேறோர் அடித்தளத்தின் மேல் மீண்டும் போடுவது) நடந்தால் ஹேஷ் மாறிவிடும், எழுதிவைத்தது யாருக்கும் பயன்படாது. இந்த அமைப்பை --குளோபல் கொடுத்து வைக்காதீர்கள். அந்தக் கோப்பு இல்லாத ரெப்போக்களில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும்.

ரீபேஸில் காலியாகும் கமிட்

இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, பிறக்கும்போதே காலியானவை; அதாவது யாரோ வேண்டுமென்றே போட்டவை. ரீபேஸ் இவற்றை இயல்பாக வைத்துக்கொள்ளும். மேல் பிராஞ்சில் அதே மாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டதால் இடையில் காலியாகிறவை இன்னொரு வகை; சாதாரண ரீபேஸ் இவற்றைக் கைவிடும், --எம்ப்டி=கீப் கொடுத்தால் வைத்துக்கொள்ளும். இந்தப் பிரிப்பு மிகச் சரியானது. தேர்ந்த கமிட்டை எடுத்து ஒட்டும் செர்ரி-பிக் மட்டும் காலியான இடத்தில் நின்று உங்களைக் கேட்கும். அப்போது உடனே --ஸ்கிப் கொடுக்காமல், ‘கிட் ஷோ’ போட்டு மூல கமிட்டை ஒருமுறை பாருங்கள். மோதலைத் தீர்க்கும்போது தவறான பக்கத்தைத் தேர்ந்ததால் மாற்றம் முழுதும் தொலைந்துபோயிருந்தாலும் அதே செய்திதான் வரும்.