மெயின்ரோடு வரைக்கும் சைக்கிள், அங்கேருந்து பஸ்: ரொம்ப வருசம் கழிச்சு சைக்கிள் எடுக்கிறவங்களுக்கு

கல்யாணத்துக்கு முன்னாடி ஓட்டுனது, அதுக்கப்புறம் இருபத்திரெண்டு வருசம் சைக்கிள தொடவே இல்ல. எங்க ஊரு பாபநாசம் பக்கம், மெயின்ரோட்ட விட்டு நாலு கிலோமீட்டர் கிழக்க தள்ளி உள்ள இருக்கு, மினி பஸ்ஸ விட்டுட்டா அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சுதான், ஆனா கும்பகோணம் தஞ்சாவூர் ரோட்டுக்கு வந்துட்டா பஸ் வந்துக்கிட்டே இருக்கும். பொண்ணுக்கு பதினொண்ணாவதுல கவர்மெண்ட் குடுத்த சைக்கிள் அவ காலேஜ் போனதும் திண்ணையில சும்மா நின்னுச்சு, அத எடுத்துதான் ஆரம்பிச்சேன். தஞ்சாவூர் வரைக்கும் மிதிக்கணும்னு யாரும் சொல்லல, தூரத்த பஸ் பாத்துக்கும், பஸ் வராத அந்த நாலு கிலோமீட்டர் மட்டும்தான் நம்ம கால் வேலை.

மொதல்ல சைக்கிள கடையில விட்டு ஓவராயில் பண்ணுங்க. நான் பண்ணாம காத்து மட்டும் அடிச்சுட்டு கெளம்பிட்டேன், பாதி வழியில வாய்க்கா மதகுகிட்ட பின் டயர் உக்காந்துருச்சு, ஆணி முள்ளு எதுவும் இல்ல, வால்வு மேல மாட்டியிருக்கிற அந்த குட்டி ரப்பர், வால்டியூப், வருசக்கணக்கா நின்னதுல வெறச்சுப்போயி வெடிச்சிருக்கு. சில்லறை காசுக்கு கிடைக்கிற பொருளு, அதுக்காக ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு நடந்து வேலைக்கும் லேட்டு. இப்ப ரெண்டு வால்டியூப் எப்பவும் பர்ஸ்ல இருக்கும். ரப்பர் மாத்துங்க, டயர் ஓரத்துல வெடிப்பு இருக்கான்னு பாருங்க, பிரேக் கட்டை கல்லு மாதிரி ஆயிருந்தா புதுசு போடுங்க, செயினுக்கு எண்ணெய் விடுங்க, அவ்வளவுதான்.

சீட்டு உயரம் ரொம்ப முக்கியம். மொத ஒரு வாரம் கால் தரையில ஊனுற மாதிரி தாழ்வா வச்சுக்கோங்க, பயம் போயிடும். ஆனா அப்படியே விட்டுடாதீங்க, தாழ்ந்த சீட்டுல தினம் மிதிச்சா முட்டி வலிக்கும், நாப்பது தாண்டுன முட்டி சும்மா இருக்காது. பழகுனதும் குதிகால பெடல்ல வச்சு கீழ வரைக்கும் மிதிச்சு பாருங்க, கால் கிட்டத்தட்ட நீட்டமா இருக்கணும், அதுதான் சரியான உயரம். துப்பட்டாவ பின்னு குத்துங்க, புடவைன்னா முந்தானைய இடுப்புல சொருகிக்கோங்க, பின் சக்கரத்துக்கு வலை இல்லாத சைக்கிள்னா அத மொதல்ல மாட்டுங்க, இதுல யோசிக்கவே வேணாம்.

நேரம் எப்பவும் பஸ்ல இருந்து பின்னாடி எண்ணணும். ஆரம்பத்துல நாலு கிலோமீட்டருக்கு இருவத்தஞ்சு நிமிசம் ஆச்சு, பழகுனப்புறம் பதினெட்டு. சைக்கிள் விட, பூட்ட, மூஞ்சி தொடைக்க ஒரு பத்து நிமிசம் சேத்துக்கோங்க, வேர்க்க வேர்க்க ஓடி பஸ் ஏறுனா அன்னிக்கு முழுக்க எரிச்சலா இருக்கும். 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு சாதா டவுன் பஸ்ல டிக்கெட்டுக்கு காசு கிடையாது, ரூட் பஸ்ல உண்டு, அதனால உங்க ஸ்டாப்புக்கு டவுன் பஸ் எந்தெந்த நேரத்துக்குன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க, மாசக் கடைசியில அந்த காசோட அருமை தெரியும்.

சைக்கிள எங்க விடுறதுன்னு மொத நாளே பாத்து வச்சிருங்க. பஸ் ஸ்டாண்டுன்னா காசு குடுத்து விடுற சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கும், டோக்கன்ல ஒரு பாதி ஹேண்டில்பார்ல, ஒரு பாதி நம்ம கையில, தினம் போறவங்க மாசத்துக்கு பேசிக்கலாம். "தம்பி, ராத்திரி எத்தன மணி வரைக்கும் ஆளு இருப்பீங்க"ன்னு மறக்காம கேளுங்க, நான் ஒருநாள் ஒன்பதரைக்கு வந்து எறங்குனப்ப ஸ்டாண்ட் கதவு பூட்டியிருந்துச்சு. வெறும் ரோட்டோர ஸ்டாப்புன்னா தெரிஞ்ச டீக்கடை, பெட்டிக்கடை ஓரமா சொல்லிட்டு விடுங்க, நிழல் இருந்தா நல்லது, நாள் பூரா வெயில்ல நின்னா டயர் சீக்கிரம் வெடிப்பு விடும். வீல் பூட்டு மட்டும் பத்தாது, அப்படியே தூக்கிட்டு போயிடலாம், ஒரு செயின் போட்டு மரத்தோடயோ கம்பத்தோடயோ கட்டுங்க.

எங்க டெல்டாவுல மேடு பள்ளம்னு பெருசா கிடையாது, மேடுன்னா ஆத்துப் பாலம்தான், ஆனா காத்து இருக்கே! ஆனி ஆடியில மேக்க இருந்து அடிக்கும், காலையில மெயின்ரோட்டுக்கு போகயில எதிர்காத்து, ஒரு பத்து நிமிசம் முன்னாடியே கெளம்பிடுங்க, சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது அதே காத்து முதுகுல கைய வச்சு தள்ளிக்கிட்டே வரும், அந்த சுகத்துக்காகவே ஆடி மாசத்துல சைக்கிள் எடுக்கலாம். தை மாசியில சம்பா அறுப்பு, ரோட்டுல நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருப்பாங்க, அது மேல ஏறுனா முன் பிரேக்க தொடாதீங்க, ஹேண்டில திருப்பாதீங்க, முடிஞ்சா எறங்கி தள்ளிட்டு போயிடுங்க. ஐப்பசி கார்த்திகையில மழை அடிச்சு ஊத்துனா சைக்கிள ஸ்டாண்ட்லயே விட்டுட்டு மினி பஸ்லயோ ஷேர் ஆட்டோவுலயோ வீட்டுக்கு வந்துடலாம், மறுநாள் எடுத்துக்கலாம், ஒண்ணும் ஓடிப்போயிடாது.

சைக்கிளையே பஸ்ல ஏத்த முடியுமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. முன்ன மாதிரி மேல கேரியரும் பின்னாடி ஏணியும் இப்ப வர்ற பஸ்ல பெரும்பாலும் இல்ல, டவுன் பஸ்ல முழு சைக்கிளுக்கு வழியே கிடையாது. மடக்குற சைக்கிள்னா ஒரு பைக்குள்ள போட்டு, கூட்டம் இல்லாத நேரமா பாத்து, ஏறுறதுக்கு முன்னாடியே கண்டக்டர்கிட்ட கேளுங்க, லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னா போட்டுடுங்க, பின் சீட்டு பக்கம் வழிய மறைக்காம பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. தூரத்து பஸ்ல டிக்கி இருக்கும், முன் சக்கரத்த கழட்டி, ஹேண்டில திருப்பி, செயின் இருக்கிற பக்கம் மேல பாத்த மாதிரி படுக்க வச்சு, அடியில ஒரு அட்டைப்பெட்டிய விரிச்சுடுங்க. எறங்க வேண்டிய ஊருக்கு பத்து நிமிசம் முன்னாடியே கண்டக்டர்கிட்ட டிக்கிய திறக்கணும்னு சொல்லிடுங்க.