வெற்றுத் திரையோடு ஒப்பிடாதீர்கள்: எஃப்எம்ஆர்ஐ தொடங்குபவர்களுக்கு

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி தன் எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யும்போதே படமெடுக்கும் காந்த ஸ்கேன்) சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். திரையில் ஒரு சொல் வரும், அர்த்தமுள்ள சொல்லா இல்லையா என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நடுநடுவே வெறும் பிளஸ் குறி, அப்போது சும்மா படுத்திருக்கலாம். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாணவனாக இருந்தபோது நான் போட்ட திட்டம், அச்சு அசல்.

ஊக்கு, ஹேர்பின்னோடு உள்ளே போகக்கூடாது என்பதையெல்லாம் ஸ்கேன் அறை டெக்னீஷியனே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிட்டு, தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்று யோசிக்காதது

எஃப்எம்ஆர்ஐ நரம்பணுக்களை நேராகப் பார்ப்பதில்லை, ரத்தத்தைப் பார்க்கிறது. மூளையின் ஒரு பகுதி மும்முரமானால் அங்கே ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது. அதனால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் விகிதம் குறைகிறது. காந்தப்புலத்தைக் கலைப்பது அதுதான் என்பதால், அது குறையும்போது சிக்னல் கொஞ்சம் ஏறும். 1990ல் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையில் காட்டியது இந்த ரத்த விளைவைத்தான். 1992ல் மனித மூளையிலும் பார்த்துவிட்டார்கள். சரி, எவ்வளவு ஏறும்? சாதாரண 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவியில் ஒரு சதவீதம், மிஞ்சிப்போனால் சில சதவீதம். அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு நிலையில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். நாளிதழில் வரும் மூளைப் படத்தின் சிவப்புத் திட்டு ஒவ்வொன்றும் ஒரு கழித்தல் கணக்கின் விடை.

நான் 18 பேரை ஸ்கேன் செய்தேன். சொல் வந்த நேரத்திலிருந்து பிளஸ் குறி நேரத்தைக் கழித்தேன். இடது பக்கம் செக்கச்செவேல் என்று வந்தது. பெரும்பாலானவர்களுக்கு மொழி இடது அரைக்கோளத்தில் என்றுதானே படித்திருக்கிறோம்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துறைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த மூத்தவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, எந்தக் கையால அழுத்தச் சொன்னீங்க?”

“வலது கை, சார்.”

“அந்தப் பெரிய திட்டு எங்க இருக்கு, பாருங்க.”

மத்தியப் பள்ளத்தை ஒட்டி, கையை அசைக்கும் இடத்தில் இருந்தது. வலது கையை இயக்குவது இடது அரைக்கோளம். நான் மொழி என்று கொண்டாடியதில் பெரும்பங்கு கட்டைவிரல். பின்னால் பார்வைப் புறணியில் ஒளிர்ந்தது எழுத்தின் கோடுகளுக்கு. மிச்சத்தில் எது வாசிப்பு, எது கவனம், எது ‘சரியா அழுத்தினோமா’ என்ற பதற்றம்? பிரிக்க வழியில்லை. சொல்லைப் பார்த்து ஒரு நொடிக்குள் விரல் அழுத்திவிடுகிறது, ரத்த ஓட்டம் உச்சிக்கு வரவே 5, 6 நொடி ஆகும். எப்போதும் சேர்ந்தே வரும் இரண்டை எந்த மென்பொருளும் பிரித்துக் கொடுக்காது.

பிளஸ் குறியைப் பார்க்கும்போது மூளை ஓய்கிறது என்று நினைப்பது அடுத்த ஏமாற்று. நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்கிளும் சகாக்களும் 2001ல் எழுதியது இதைப் பற்றித்தான். சும்மா படுத்திருக்கும்போது மும்முரமாகி, வேலை கொடுத்ததும் அடங்குகிற பகுதிகள் மூளையில் உண்டு. நாம் கழிக்கிற ‘பூஜ்ஜியம்’ பூஜ்ஜியமே இல்லை. படுத்திருப்பவர் ஈபி பில் கட்டினோமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் வழி பழையது. 1988ல் பீட்டர்சன், ரெய்கிள் குழு பிஇடி (கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்திப் படமெடுக்கும் ஸ்கேன்) கருவியை வைத்து ஏணி மாதிரி ஒன்று கட்டினார்கள். முதலில் வெறும் குறி. அப்புறம் சொல்லைப் பார்ப்பது மட்டும், பிறகு அதை உரக்கச் சொல்வது, கடைசியில் அதற்குப் பொருத்தமான வினைச்சொல் ஒன்றைச் சொல்வது. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியைக் கழித்தார்கள். இந்தக் கழித்தலுக்கும் விமர்சனம் உண்டு. ஒரு வேலையைக் கூட்டினால் மற்றவை மாறாமல் இருக்கும் என்று அது நம்புகிறது. ஆனாலும் என் பிளஸ் குறிக்கு அது எவ்வளவோ மேல். நான் செய்திருக்க வேண்டியது, அதே நீளத்துக்குப் பொய்யெழுத்துகளை (எழுத்து மாதிரியே இருக்கும், ஆனால் படிக்க முடியாத குறிகளை) காட்டி, அதற்கும் அதே பொத்தானை அழுத்தச் சொல்வது. அவ்வளவுதான்.

இன்றும் எரிச்சல் அடங்காததற்குக் காரணம், இது ஸ்கேன் முடிந்தபின் திருத்தவே முடியாத தவறு. மணிக்கணக்கில் கட்டணம் கட்டி, நோயாளிகள் இல்லாத இரவு நேரமாகப் பார்த்துக் கெஞ்சி வாங்கிய ஸ்லாட்டுகள் எல்லாம் வீண். ஒரு தாளில் இரண்டு நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கண், கை, கவனம், நினைவு என்று டிக் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். மாணவியை அங்கேயே உட்காரவைத்து அதைச் செய்யச் சொன்னேன். ‘கை’ வரிசைக்கு வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தலை அசைவை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

பார்த்துக்கொள்ளாது. ஒரு வோக்சல், அதாவது ஸ்கேன் படத்தின் மிகச் சிறிய கனசதுரம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். எச்சில் விழுங்கினாலே தலை கொஞ்சம் நகரும். மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகளே மூளைப் பகுதிகளுக்கு நடுவே இல்லாத தொடர்பை உண்டாக்கிவிடும் என்று ஜொனாதன் பவரும் சகாக்களும் 2012ல் காட்டினார்கள். தலையைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள். நெற்றிக்குக் குறுக்கே ஒரு டேப் ஒட்டினால், அசையும்போது தோல் இழுபட்டு அவருக்கே தெரியும்.

இடம் வலம்

வலது நெற்றிப் பொட்டில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டுங்கள். படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், எது வலம் என்று குழம்பாது.

திருத்தாத பி மதிப்பு

தற்செயலாகவே இப்படி ஒரு விடை வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வதுதான் பி மதிப்பு. 2009ல் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். பல்லாயிரம் வோக்சல்களைத் தனித்தனியாகச் சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான திருத்தம் போடாத கணக்கில் மீனின் மூளையில் புள்ளிகள் ஒளிர்ந்தன. திருத்தம் போட்டதும் காணாமல் போயின.

திட்டைப் பார்த்து மனதைச் சொல்வது

2011ல் ஓர் அமெரிக்க நாளிதழில், ஐபோன் சத்தம் கேட்டதும் இன்சுலா (மூளையின் உள்மடிப்பில் இருக்கும் ஒரு பகுதி) ஒளிர்ந்தது, ஆகவே மக்கள் அதை நேசிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. ரஸ்ஸல் போல்ட்ராக் உள்ளிட்ட பல விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள். இன்சுலா வலிக்கும் ஒளிரும், அருவருப்புக்கும் ஒளிரும். மூளை ஸ்கேன் ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அது ஒளிர்கிறது.

தூக்கம்

இருட்டறை, போர்வை, ஒரே தாளத்தில் சத்தம். ‘கண்ணைத் திறந்து ஓய்வாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனேன். பத்து நிமிடம் கழித்து இண்டர்காமைத் திறந்தால் குறட்டை.