உங்கள் ஊர் ஏரியில் நீர்ப்பறவைகளை எண்ணுவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் ஏரிகளில் நிற்கும். வடக்கிலிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, உள்ளான்கள் எல்லாம் அப்போது இங்கேதான் இருக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடந்துவருகிறது. வனத்துறையும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு கணக்கெடுக்கிறது. நீங்களும் சேரலாம்.

முதலில் இடம். வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் ஆள் கிடைத்துவிடுவார்கள். யாரும் எட்டிப் பார்க்காத உங்கள் ஊர் ஏரிக்குத்தான் ஆள் தேவை. சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின நாளே போய், எங்கே நின்றால் தண்ணீர்ப் பரப்பு நன்றாகத் தெரிகிறது என்று பாருங்கள். காலையில் எண்ணுவதாக இருந்தால் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும்.

எடுத்துப்போக வேண்டியவை: பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 போதும்), நோட்டு, பென்சில், தொப்பி, தண்ணீர். மங்கலான நிறத்தில் சட்டை. தனியாகப் போகாதீர்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, வேலை சுளுவாக நடக்கும்.

அடுத்து, அடையாளம். எல்லாப் பறவையும் தெரிந்த பிறகுதான் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அடிக்கடி கண்ணில் படுபவற்றில் தொடங்குங்கள். கரிய உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் நாமக்கோழி. நீளமான இளஞ்சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான். குட்டி உருண்டையாக மிதந்து, சட்டென்று முங்கினால் முக்குளிப்பான். தெரியாத வாத்தை ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து ஒரு பெயரை எழுதுவதுதான் கெடுதல்.

இனி எண்ணிக்கை. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள். ஏரியை மரம், மதகு, கலங்கல் என்று ஏதாவது அடையாளம் வைத்துப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக ஒரே திசையில் எண்ணுங்கள், திரும்பி வராதீர்கள். சிறிய கூட்டம் என்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரிய கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவை வைத்தே கூட்டம் முழுக்க அளந்து போங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்துக்குப் பதில் நூறு. நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து மாதிரி வேட்டைப் பறவை வந்தால் எல்லாம் எழும்பிவிடும். அவை உட்காரும்வரை பொறுத்திருந்து, அந்தப் பகுதியை மறுபடி எண்ணுங்கள். முக்குளிப்பான் தண்ணீருக்குள் இருக்கும்போது கணக்கில் விடுபடும், அதையும் ஓரிரு முறை பாருங்கள்.

படம் எடுக்க நெருங்கிப் போய்ப் பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். தலையைத் தூக்கி உங்களையே பார்க்கின்றன என்றால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள்.

பறவையோடு ஏரியையும் எழுதுங்கள்: தண்ணீர் எவ்வளவு, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, குப்பையோ கட்டட இடிபாடோ கொட்டுகிறார்களா, வலை கட்டியிருக்கிறதா.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே ஈபேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யுங்கள். தொடங்கிய நேரம், எண்ண எடுத்துக்கொண்ட நேரம், நடந்த தூரம் மூன்றும் வேண்டும். ‘இருந்தது’ என்று மட்டும் குறிக்காமல் எண்ணிக்கையைப் போடுங்கள், தோராயமாக இருந்தாலும் சரி. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் பன்னாட்டு உடன்படிக்கையின்படி 20,000 நீர்ப்பறவைகளோ, ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 சதவீதமோ வழக்கமாகத் தங்கும் நீர்நிலை பன்னாட்டு முக்கியத்துவம் உடையது. அந்தக் கணக்கைப் போட உங்களைப் போன்றவர்கள் எழுதும் எண்கள்தான் வேண்டும். ஒரு பறவையும் இல்லையா? அதையும் பதிவு செய்யுங்கள்.

அப்புறம் அடுத்த ஜனவரியிலும் அதே ஏரிக்கு, அதே நேரத்தில் போங்கள். நின்ற இடங்களை நோட்டில் சின்னப் படமாக வரைந்து வைத்தால், உங்களால் போக முடியாத வருடத்தில் இன்னொருவர் அதே இடங்களில் நின்று எண்ணலாம்.