இரண்டு சம்பளம் ஒன்றானால் வீடு ஓடுமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

என் கணவர் வேலையை விட்டுவிட்டு மேலே படிக்க ஆசைப்பட்டபோது, எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி பல வாரம் ஓடியது. ஒரு நாள் தாராளமாகத் தாங்கும் என்று தோன்றும். மறுநாள் ஏதாவது ஒரு பில் வந்ததும் நடக்கவே நடக்காது என்று தோன்றும். கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கைப் போட்ட முறையைத்தான் எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் கொஞ்சமாவது மிச்சம் பார்க்கும் வீடுகளுக்கான முறை இது. ஏற்கெனவே இழுபறியாக ஓடும் வீட்டில் குறைக்க எதுவும் இருக்காது. அங்கே கேள்வியே வேறு. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுப்பது, கூட்டல் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தட்டும் என்று, இரண்டு பேர் கைக்கு வரும் மாதச் சம்பளத்தையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 60, மற்றவருக்கு 40. நிற்கப்போவது அந்த 40. இவை எங்கள் வீட்டுக் கணக்கல்ல, விளக்குவதற்காகப் போட்டவை.

என்ன கருவி?

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகக் கணக்கெழுதும் பட்ஜெட் ஆப்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். போன மாதம் என்ன செலவானது என்று வண்ணப்படம் போட்டுக் காட்டும். எட்டு மாதம் கழித்து என்ன வரப்போகிறது என்று சொல்லாது. நமக்கு வேண்டியது இரண்டாவது. கையால் எழுதப் பிடித்தவர்கள் நோட்டிலேயே போடலாம். ஜப்பானில் ஹானி மொட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் தொடங்கிவைத்த ககேபோ என்ற வீட்டுக் கணக்கு முறை இன்றும் காகிதத்தில்தான் பிரபலம்.

படி 1: பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்

மூன்று மாதம் போதாது. வருடத்துக்கு ஒருமுறை வருவதெல்லாம் தப்பிவிடும். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து எடுங்கள். வருமானத்தில் போனஸைச் சேர்க்காதீர்கள்.

படி 2: மூன்று பத்திகளாகப் பிரிப்பது

சாப்பாடு, துணி, பொழுதுபோக்கு என்று பொருள்வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். இந்தக் கேள்விக்கு அது உதவாது. எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

அ பத்தி: கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. வீட்டுக் கடன் தவணை அல்லது வாடகை, வண்டிக் கடன், குழந்தைக் காப்பகம் போன்றவை. இந்த மாதம் நினைத்தால் இந்த மாதம் நிற்காது.

ஆ பத்தி: நிறுத்த முடியாது, சுருக்கலாம். சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்து.

இ பத்தி: இன்று நினைத்தால் இன்றே நிற்கும்.

வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் வருபவை தனி. அவற்றுக்கு அடுத்த படியில் வருகிறேன். நமது உதாரண வீட்டில் அ 38, ஆ 24, இ 18, வருடச் செலவுகளின் மாதப் பங்கு 6, சேமிப்பு 14. கூட்டினால் 100.

இதில் சாப்பாடு 15 என்று வையுங்கள். வருமானம் கூடக்கூட அதில் சாப்பாட்டின் பங்கு குறைந்துகொண்டே போகும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே எழுதிவைத்தார். வசதியான வீட்டின் சங்கடமே இங்கேதான். சிக்கனம் என்றதும் எல்லோரும் சமையலறைக்குள் போகிறார்கள். சாப்பாட்டுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது பெரிய காரியம். வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அப்படிக் குறைத்தாலும் கிடைப்பது 3. பள்ளமோ 40. பணம் எல்லாம் அ பத்தியில் உட்கார்ந்திருக்கிறது.

படி 3: வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள்

பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். பின்னூட்டங்களில் அதிகம் கேட்கப்பட்டதும் இதைப் பற்றித்தான்.

இன்சூரன்ஸ் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு, வரி, கல்யாணம் காட்சிக்குப் போகும் செலவு. இரண்டு சம்பளம் வரும்போது இவற்றை யாரும் திட்டமிடுவதில்லை, வரும்போது கட்டிவிடுகிறோம். ஒரு சம்பளத்தில் அது நடக்காது. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனியாகப் போடு என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. யோசனை சரிதான், ஆனால் அதை அப்படியே செய்தால் முதல் வருடமே கவிழ்ந்துவிடும்.

ஏன் என்று பாருங்கள். உதாரணத்துக்கு மூன்று செலவுகள்:

பள்ளிக் கட்டணம் 36, இன்னும் 2 மாதத்தில்.
இன்சூரன்ஸ் 24, இன்னும் 4 மாதத்தில்.
வண்டிப் பராமரிப்பு 12, இன்னும் 9 மாதத்தில்.

மொத்தம் 72. மாதம் 6 போட்டால் வருடத்துக்குச் சரியாக வரும். ஆனால் இரண்டாவது மாதம் பள்ளி 36 கேட்கும்போது கணக்கில் இருப்பது 12. மீதி 24 கிரெடிட் கார்டில் ஏறும். அங்கே மாதம் 3 சதவீத வட்டி என்றால், கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42.6 சதவீதம் ஆகிறது. போட்ட திட்டம் அங்கேயே முடிந்தது.

ஆகவே தொடக்கத்திலேயே ஒரு முதல்பணம் போட்டாக வேண்டும். எவ்வளவு? ஒவ்வொரு செலவுக்கும் இப்படிக் கணக்கிடுங்கள்: செலவுத் தொகை × (12 − மீதமுள்ள மாதங்கள்) ÷ 12.

பள்ளி: 36 × 10 ÷ 12 = 30.
இன்சூரன்ஸ்: 24 × 8 ÷ 12 = 16.
வண்டி: 12 × 3 ÷ 12 = 3.

ஆக 49. சரிபார்ப்போம். 49-இல் தொடங்கி மாதம் 6 போடுகிறோம். இரண்டாம் மாதம் 61 இருக்கும், பள்ளிக்குக் கட்டினால் 25. நான்காம் மாதம் 37 ஆகும், இன்சூரன்ஸ் போனால் 13. ஒன்பதாம் மாதம் 43, வண்டிக்குப் போக 31. பன்னிரண்டாம் மாதம் மறுபடியும் 49. அடுத்த வருடமும் இதே சுற்று, புதிதாக முதல்பணம் வேண்டாம்.

இந்தப் பணம் வேறொரு பேங்க் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வாங்காதீர்கள். ஒரே கணக்கில் வைத்து ஷீட்டில் மட்டும் பிரித்துக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. பணம் கண்ணில் பட்டால் செலவாகிவிடும்.

படி 4: வேலையோடு போகும் செலவும், வேலையோடு போகும் வசதியும்

வேலைக்குப் போவதற்கே ஒரு செலவு உண்டு. நமது உதாரணத்தில் பயணம் 3, குழந்தைக் காப்பகம் 4. வேலை நின்றால் இந்த 7 மிச்சம். அப்போது அ 34, ஆ 21.

மறுபக்கம், கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் போய்விடும். தனிப் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அது முடியும்வரை அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காது. அதனால் வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். சம்பாதிக்கும் ஒருவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸும் (குறிப்பிட்ட காலத்துக்குள் அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) வேண்டும். இரண்டின் பிரீமியத்தையும் படி 3 பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள் (நமது உதாரணத்தில் எளிமைக்காக இவற்றைச் சேர்க்கவில்லை).

படி 5: ஒரு பெரிய முடிவு

இப்போது 60-ஐ வைத்துப் பாருங்கள். அ 34, ஆ 21, வருடப் பங்கு 6. மொத்தம் 61. இ பத்தியை மொத்தமாக அடித்துவிட்டாலும், சேமிப்பே இல்லை என்றாலும் 1 உதைக்கிறது. சாப்பாட்டில் 3 குறைத்தால் 58. மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

என் அளவுகோல் இது: குறைந்த வருமானத்தில் அ பத்தி பாதிக்கு மேல் போனால் வேலையை இன்னும் விடாதீர்கள். இங்கே 60-இல் 34, அதாவது 57 சதவீதம். முதலில் அ பத்தியிலிருந்து ஒன்றைத் தூக்க வேண்டும். பத்துச் சின்ன விஷயங்களைத் தூக்கிப் பயனில்லை.

இந்த வீட்டில் இரண்டாவது காருக்கு மாதத் தவணை 7 என்று வையுங்கள். அது வேலைக்குப் போகவே வாங்கியது. வேலை இல்லையென்றால் அதற்கும் வேலையில்லை. விற்றுக் கடனை அடைத்தால் அ பத்தி 27, அதாவது 45 சதவீதம். மாதச் செலவு 51. கையில் 9 மிஞ்சுகிறது. விற்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டிக்குக் கிடைக்கும் விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருந்தால், வித்தியாசத்தைக் கைக்காசு போட்டுத்தான் கட்ட வேண்டும்.

வீட்டுக் கடன் தவணைக் காலத்தை நீட்டலாமே என்று பலரும் சொல்வார்கள். கடன் 1,000, வட்டி வருடத்துக்கு 8 சதவீதம் என்றால், 15 வருடத்துக்கு மாதத் தவணை 9.56. அதையே 25 வருடமாக்கினால் 7.72. தவணை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் மொத்த வட்டி 720-இலிருந்து 1,315 ஆகிறது. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் இதைத் தொடுங்கள். தொடுவதானால் இரண்டு சம்பளமும் வரும்போதே பேங்க்கில் பேசுங்கள், வருமானம் குறையப்போவதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 6: மூன்று மாத ஒத்திகை

வேலையை விடும் முன் மூன்று மாதம் 60-இல் வாழ்ந்து பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 40 வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். தானாகப் போகும்படி போட்டுவையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை ஒதுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. வருமானத்தோடு ஏறிய செலவு, வருமானம் இறங்கும்போது அதே வேகத்தில் இறங்காது என்று பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டியூசன்பெரி 1949-இல் விளக்கினார். அவர் சொன்னதை முதல் மாதத்திலேயே வீட்டில் பார்க்கலாம்.

ஒத்திகையில் ஒரு சிக்கல் உண்டு. வேலைக்குப் போகும் செலவு 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை 60-இலிருந்து எடுத்தால் ஒத்திகை அநியாயமாகத் தோற்கும். ஒதுக்கிய 40-இலிருந்து எடுங்கள். மாதம் 33 நிற்கும், மூன்று மாதத்தில் 99. அதில் 49 படி 3-க்கான முதல்பணம். மீதி 50 அவசர நிதிக்கு. காரை விற்கும் வரை இந்த மாதங்கள் நெருக்கும்தான்.

அவசர நிதி எவ்வளவு? ஆறு மாதச் செலவு என்பேன், இங்கே 306. முன்பு ஒரு சம்பளம் நின்றால் இன்னொன்று தாங்கியது. இனி அந்தத் தாங்கல் கிடையாது. 306 கையில் வரும்வரை தேதி குறிக்காதீர்கள். இதுவரை மாதம் 14 சேமித்த வீடு என்பதால் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கக்கூடும்.

படி 7: யார் கையில் காசு?

மிஞ்சிய 9-இல் ஆளுக்கு 2 எடுத்துவையுங்கள், மீதி 5 சேமிப்பு. அந்த 2-க்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. சம்பாதிப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு. இதில் நான் பிடிவாதக்காரி. வேலையை விட்டவர் முடிவெட்டிக்கொள்ளக்கூட, "கொஞ்சம் காசு அனுப்பேன்" என்று மெசேஜ் போடும் நிலை வந்தால், கணக்கு சரியாக இருந்தும் வீடு சரியாக இருக்காது. மாதம் முதல் தேதி தானாக அவர் கணக்குக்குப் போகட்டும்.

குழந்தைகளிடம் எது மாறும், எது மாறாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பள்ளி மாறாது, ஒரு கார் போகும், அவ்வளவுதான் என்றால் அவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

பின்சேர்க்கை 1: ஐந்து வருடம் கழித்தும் இந்தக் கணக்கு நிற்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், சாப்பாட்டில் 3 குறைத்த பிறகு ஆ பத்தியில் நிற்கும் 18 ஐந்து வருடத்தில் 23 ஆகும். வருடப் பங்கு 6, ஏறக்குறைய 7.7 ஆகும். வட்டி மாறாத கடன் என்றால் தவணை ஏறாது. ஆக ஏற்றம் மொத்தம் 6.7. சம்பளம் வருடம் 2 சதவீதம் ஏறினாலே 60 என்பது 66.2 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஈடுகட்டும். வாடகை வீட்டுக்காரர்கள் வாடகையையும் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். விடை வேறாக வரும்.

பின்சேர்க்கை 2: மிஞ்சும் ஒருவருக்கு மாதச் சம்பளம் இல்லை, கமிஷன் வருமானம் என்றால்? 60 என்ற இடத்தில் சராசரியைப் போடாதீர்கள். பன்னிரண்டு மாதத்தில் ஆகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியைப் போடுங்கள். நல்ல மாதத்தில் கூடுதலாக வருவது முதலில் படி 3 கணக்குக்கு, அது நிறைந்த பிறகு அவசர நிதிக்கு.