திருச்சி – சிங்கப்பூர்: விமானத் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார், அதனால் "எத்தனை மணி நேரம் பறக்கணும்?" என்ற கேள்வி இங்கே ஓய்வதே இல்லை. கால்குலேட்டர் இருந்தால் போதும், நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்துக்குப் போய் விமான நிலையக் குறியீடுகளை, திருச்சிக்கு டிஆர்இசட் (TRZ), சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு எஸ்ஐஎன் (SIN), நடுவில் ஒரு சிறுகோடு போட்டுக் கொடுங்கள். சுமார் 2,980 கிமீ என்று வரும். கூகுள் மேப்பிலும் அளக்கலாம், ஆனால் புள்ளியைக் கையால் வைக்க வேண்டும், அதனால் என் ஓட்டு முதல் தளத்துக்குத்தான். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மட்டும் அளக்காதீர்கள், பூமி உருண்டை என்பதால் அது தப்பாக வரும். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய பாதை பசிபிக்கின் குறுக்கே போவதில்லை, சீனா, சைபீரியா, அலாஸ்கா என்று வடக்கே ஏறித்தான் இறங்குகிறது.

அடுத்து, விமானம் மணிக்குச் சுமார் 850 கிமீ வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொண்டு, தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டுங்கள். இங்கே மூன்றரையும் அரையும், மொத்தம் 4 மணி நேரம்.

இப்போது டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பலரும் குழம்புவது இங்கேதான். இரவு 11.30-க்குப் புறப்பட்டு காலை 6.15-க்குச் சேரும் என்று போட்டிருந்தால் ஆறே முக்கால் மணி நேரப் பயணம் என்று தோன்றும். இல்லை. புறப்படுவது நம் நேரம், சேர்வது அவர்கள் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்தால் நாலே கால். திரும்பி வரும்போது கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: இரவு 8-க்குக் கிளம்பி 9.40-க்குத் திருச்சியில் இறங்கினால் பயணம் 4 மணி 10 நிமிடம். எது கூட்டல், எது கழித்தல் என்று மறந்துபோனால், இரண்டு நேரத்தையும் இந்திய நேரமாக மாற்றிக்கொண்டு அப்புறம் கழியுங்கள், தப்பே வராது.

வீட்டில் அந்தக் காலத்தில் மலாயாவில் இருந்துவிட்டு வந்த ஐயாவோ ஆச்சியோ "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்றால் மறுத்துப் பேச வேண்டாம். 1982 ஜனவரி 1-க்கு முன்பு அதுதான் சரி, அன்றுதான் அங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள்.

பிற்சேர்க்கை: லண்டனுக்கும் இதே கணக்கு வருமா என்று கேட்டார்கள். வரும். சென்னை – ஹீத்ரோ சுமார் 8,230 கிமீ, பத்தே கால் மணி நேரம் போல வரும், ஆனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்று என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். நேர வித்தியாசம் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை. லண்டன் நமக்குப் பின்னால் ஓடுகிறது, அதனால் தேதியைப் பார்த்துவிட்டு, போகும்போது கூட்டுங்கள், திரும்பும்போது கழியுங்கள்.